பதினெட்டு டிகிரியில் உருகிய கேக்

சனிக்கிழமை, மதியம்.

காரின் பின்கதவைத் திறந்த ஹோட்டல் தலைமைச் சமையல்காரர் தொப்பியைக் கழற்றினார்.

மூன்று அடுக்குக் கேக். மேல் அடுக்கு நடு அடுக்கின் தோளில் சாய்ந்திருந்தது. நடு அடுக்கு கீழ் அடுக்குக்குள் பாதி இறங்கிவிட்டது. சர்க்கரை ரோஜாக்கள் க்ரீமோடு வழுக்கிப் பெட்டியின் மூலையில் குவிந்து கிடந்தன.

"எப்பப்பா உயிர் போச்சு?" என்றார்.

ஓட்டி வந்த இளைஞன் முன்கதவைத் திறந்துவிட்டான்.

"கெளம்பும்போது நல்லாதான் சார் இருந்துச்சு. ஏசியைப் பதினெட்டுல வெச்சேன். இப்பவும் பதினெட்டுதான் காட்டுது, பாருங்க."

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். திரையில் உள்வெப்பம் 18 என்றுதான் இருந்தது. காருக்குள் நுழைத்த தலையை உடனே வெளியே எடுத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

கேக் செய்தவளுக்குப் போன் போட்டார். திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"போன தடவை லேசா இளகி வந்துச்சும்மா. பூசி ஒப்பேத்திட்டோம். இந்தத் தடவை ஒப்பேத்த ஒண்ணுமில்ல. வியாழக்கிழமை கேக்கும் இப்படி வந்தா நான் வேற ஆளைத்தான் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க."

அந்த ஹோட்டலை நம்பித்தான் அவள் பெரிய அடுப்பு வாங்கியிருந்தாள். வீட்டின் பின்னறையை உடைத்துச் சமையலறையோடு சேர்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை.

இன்ஸ்பெக்டர் விடுப்பில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். தூங்கவேண்டும், சாப்பிடவேண்டும், மறுபடி தூங்கவேண்டும் என்பதுதான் அவள் திட்டம். வாசலிலேயே அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"வந்தாச்சா இன்ஸ்பெக்டரம்மா? செருப்பைக் கழட்டாத. முதல்ல கேஸைக் கேளு."

"யார் செத்தது?"

"என் கேக்."

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினாள். பூட்டிய அறைக்குள் பிணம் பார்த்தவள். காவலாளி தூங்காமலே காணாமல்போன நகையைக் கண்டுபிடித்தவள். உருகிய கேக் இதுதான் முதல் தடவை. ஆனால் அண்ணியின் கண்கள் வீங்கியிருந்தன. அதனால் அவள் பையை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"என்னத்தச் சொல்ல? கார் வாங்கினதுலருந்து எத்தனையோ கேக் போயிருக்கு. ஒரு சொட்டு இளகினதில்ல. இந்த ஹோட்டல் ஆர்டர் வந்ததுலருந்து ரெண்டு கேக். ரெண்டும் போச்சு. ஏசியை அணைச்சுட்டு ஊர் சுத்தியிருக்கான் உன் தம்பி. இனிமே என் கேக்கை அவன் தொடவேணாம். வியாழக்கிழமை டாக்ஸி சொல்லிக்கறேன்."

தம்பி கூடத்தின் மூலையில் நின்றிருந்தான். எல்லோருக்கும் அவன் ராக்கெட். மெதுவாக நடப்பான், மெதுவாகச் சாப்பிடுவான். தெருக்கோடியில் வேகத்தடை தெரிந்தால் இங்கேயே பிரேக் போடுவான். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் அவனை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"வழியில நிறுத்தினியா?"

"இல்லக்கா."

"டேய்."

"ஒரே ஒரு தடவை. சிக்னல்ல."

"சிக்னல்ல எல்லாரும்தான் நிப்பாங்க."

"பச்சை விழுந்தப்புறமும் கொஞ்சம் நின்னேன். போன் வந்துச்சு."

"யாரு?"

அவன் காது சிவந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒரு நிமிடப் பேச்சில் மூன்று அடுக்கு சரியாது.

"ஏசியை அணைச்சியா?"

"சத்தியமா இல்ல. பதினெட்டுல வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. ஹோட்டல் சாரே பாத்தாரு."

"உள்ள சூடா இருந்துச்சா?"

"கழுத்தெல்லாம் வேர்த்துச்சு. ஆனா அண்ணி கேக்கை ஏத்திட்டா எனக்கு எப்பவும் வேர்க்கும்க்கா. பச்சைக்குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி. முட்டி மட்டும் ஜில்லுனு இருந்துச்சு. சரி, ஏசி வேலை செய்யுது, நமக்குத்தான் படபடப்புன்னு நெனச்சேன்."

"ஏசி சத்தம் எப்படி?"

"சத்தமே இல்ல. பாட்டு அருமையா கேட்டுச்சு."

அடுத்தது அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து அதன் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருப்பவர். ஒருமுறை மனைவி காரில் போய்க்கொண்டிருக்கும்போதே, பள்ளியில் இருந்தபடி போனிலிருந்து ஏசியை அணைத்தவர். குடும்பத்தில் முதல் சந்தேகம் அவர்மேல் விழாதது, ராக்கெட் பக்கத்தில் நின்றதால்தான்.

"சனிக்கிழமை ஏசியை அணைச்சியாண்ணா?"

"நான் திருந்திட்டேன். அன்னைக்கு அணைச்சதுக்கு ஒரு வாரம் உன் அண்ணி என்கூடப் பேசல."

"பேசாம இருந்தது உனக்குத் தண்டனையா?"

"மெதுவாப் பேசு, கேக்கும்."

"சனிக்கிழமையைச் சொல்லு."

"கெளம்பறதுக்கு முன்னாடி நான்தான் போன்லருந்து ஏசியைப் போட்டு உள்ள குளுகுளுன்னு ஆக்கிவெச்சேன். அப்புறமும் பாத்துட்டேதான் இருந்தேன். வழி முழுக்கப் போன்லயும் உள்ள பதினெட்டுன்னுதான் வந்துச்சு. சொல்லப்போனா அன்னைக்கு வண்டி தங்கமா ஓடுச்சு. மத்தியானத்துல ஏசி போட்டா சார்ஜ் விறுவிறுன்னு எறங்கும். அன்னைக்கு எறங்கவே மனசில்லாத மாதிரி இருந்துச்சு. ராக்கெட் ஓட்டக் கத்துக்கிட்டான்டான்னு சந்தோஷப்பட்டேன்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என் கேக் செத்துக்கெடக்கு. இவருக்குச் சார்ஜ் மிச்சமான சந்தோஷம்!"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் சொன்ன ஏதோ ஒன்று செருப்புக்குள் புகுந்த மணல்போல உறுத்தியது. எது என்று அப்போது தெரியவில்லை.

காரைப் பார்க்கப் போனாள். உள்ளே சுத்தமாக இருந்தது. அண்ணி இரவோடு இரவாகப் பின்சீட்டைக் கழுவித் துடைத்திருந்தாள். தடயம் என்ற ஒன்று இருப்பது அண்ணிக்கு நினைவில்லை, அல்லது க்ரீம் கறை அதைவிடப் பெரிய விஷயம். முன்பக்கக் கால்மிதியில் மட்டும், ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், கையளவு ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. முகர்ந்தாள். வாசனை இல்லை. வெறும் தண்ணீர்.

"காருக்குள்ள புதுசா ஏதாவது மாத்தினீங்களா?" என்று மூவரையும் கேட்டாள்.

"ஒண்ணும் மாத்தல" என்றார்கள் மூவரும்.

திங்கட்கிழமை, காலை.

சர்வீஸ் சென்டரில் அந்தக் காரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியுமா? முதல் கேக்குக்கு அப்புறமே அந்தம்மா கொண்டாந்து காட்டிட்டாங்க. இந்த வண்டிக்கு நோயே இல்ல மேடம்."

"இன்னொரு தடவை பாருங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

"போலீஸ் பக்கத்துல நின்னா எனக்குக் கை நடுங்கும்."

"விடுப்புல இருக்கேன்."

அவர் பார்த்தார். ஏசி வாயு குறையவில்லை. கம்ப்ரெசர் சரியாக ஓடியது. சூட்டையும் குளிரையும் கலக்கிவிடும் உள்கதவு முழுதாகத் திறந்து முழுதாக மூடியது. பின்சீட்டில் வெப்பமானி வைத்துக் கதவுகளைச் சாத்தி, வெயிலில் நிறுத்தினார்கள். திரையில் 18. வெப்பமானியிலும் 18. மின்விசிறி இரைந்து ஓடியது.

"பாத்தீங்களா? கல்லுக்குண்டு மாதிரி இருக்கு."

"உள்ள எவ்வளவு சூடுன்னு காருக்கு எப்படித் தெரியுது?"

மெக்கானிக் திரைக்குக் கீழே கையை வைத்தார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சல்லடை. அவர் காட்டியிராவிட்டால் அது இருப்பதே தெரிந்திருக்காது.

"இதுதான் மூக்குன்னு வெச்சுக்குங்க. உள்ள ஒரு குட்டி ஃபேன் காத்தை இழுக்கும். பின்னால இருக்கற சென்சார் பாத்துச் சொல்லும். அது சொல்றதை வெச்சுத்தான் ஏசி கூடும், குறையும்."

"மூக்கு அடைச்சிருந்தா?"

"அடைக்கல. போன தடவையே கழட்டித் தொடைச்சேன்."

"அது பொய் சொல்லுமா?"

"சென்சாருக்குப் பொய் சொல்லத் தெரியாது மேடம். தன் மூக்குக்கு முன்னால இருக்கறதைச் சொல்லும். அவ்வளவுதான்."

கால்மிதி ஈரத்தையும் காட்டினாள். அவர் கீழே குனிந்து ஒரு குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"ஏசித் தண்ணி வெளியே சுத்தமாப் போகுது. இது கீழேருந்து வந்ததில்ல. மேலேருந்து யாரோ சிந்தினது."

திரும்பி வரும் வழியில் ராக்கெட்தான் ஓட்டினான். வீட்டுக்கு வந்துசேர வழக்கத்தைவிட நேரமானதும் இன்ஸ்பெக்டர் கவனத்துக்கு வரவில்லை.

வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு சாட்சிகள் ஒரே வார்த்தையைச் சொன்னால், இருவரும் அதை எங்கிருந்து கேட்டார்கள் என்று பார்ப்பாள். ராக்கெட் பதினெட்டு என்றான். அண்ணன் பதினெட்டு என்றார். சமையல்காரரும் பதினெட்டைப் பார்த்தார். மூன்று சாட்சிகள் இல்லை. மூவருமே கார் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். சாட்சி ஒன்றுதான். பொத்தான் அளவுச் சல்லடை.

புதன்கிழமை, மதியம்.

"சனிக்கிழமை செஞ்சதையே இன்னைக்கும் செய்யறோம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஒண்ணு கூடவும் கூடாது, ஒண்ணு குறையவும் கூடாது. கேக் மட்டும் வேண்டாம்."

"பின்ன யாரு சாவா?" என்றாள் அண்ணி.

ஒரு வெண்ணெய்க் கட்டி அந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தட்டில் நிமிர்த்தி, கேக் பெட்டிக்குள் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அண்ணி சாக்லேட் உருக்கும்போது பயன்படுத்தும் வெப்பமானி. அண்ணன் பள்ளிக்கு அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, போனும் கையுமாக நின்றார். காரைக் குளிரவைத்தார். பெட்டி பின்சீட்டில் ஏறியது. அதன் அருகில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாள்.

ராக்கெட் வண்டியைக் கிளப்பப் போனான்.

"இருடா, இரு" என்று அண்ணி உள்ளே ஓடினாள். ஒரு துணிப்பையோடு வந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். ராக்கெட் வாங்கி, திரைக்குக் கீழே இருந்த கொக்கியில் மாட்டினான். கை தன்பாட்டுக்குச் செய்த வேலை. இருவருமே அதைப் பார்க்கக்கூட இல்லை.

"என்ன அது?"

"அவசரப் பை" என்றாள் அண்ணி. "வழியில ஒரு பூ விழுந்தா, ஓரம் நசுங்கினா, அங்கேயே சரிபண்ணணுமே. கொஞ்சம் க்ரீம், நாலு பூ, ஒரு கத்தி. க்ரீம் இளகாம இருக்க ஐஸ்."

"எல்லாக் கேக்குக்கும் குடுப்பீங்களா?"

"சின்னக் கேக்குக்கு எதுக்கு? ஹோட்டல் கேக்குக்கு மட்டும்தான்."

"புதுசா ஏதாவது மாத்தினீங்களான்னு கேட்டேனே அண்ணி."

"நீ காரைப் பத்திக் கேட்ட. இது என் சாமான்."

இன்ஸ்பெக்டர் அண்ணியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "போடா ராக்கெட்" என்றாள்.

தெரு தாண்டும்வரை வெப்பமானி பதினெட்டில் நின்றது. பெரிய சாலைக்கு வந்தபோது இருபது. மின்விசிறியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பாட்டு தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. இருபத்திமூன்று. கண்ணாடி வழியே வெயில் அவள் மடியில் விழுந்தது.

"திரையில என்னடா?"

"பதினெட்டுக்கா."

இருபத்தாறு. வெண்ணெயின் விளிம்பு மினுமினுத்தது.

"இப்ப?"

"பதினெட்டேதான். ஆனா வேர்க்குதுக்கா. இன்னைக்குக் கேக்கே இல்லையே, எனக்கு ஏன் வேர்க்குது?"

"நல்ல கேள்வி. இவ்வளவு நாள் யாரும் கேக்கல."

இருபத்தெட்டு. வெண்ணெய் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்து, ராக்கெட்டின் முட்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டினாள். அங்கே காற்று சில்லென்றிருந்தது. பையின் ஜிப் பாதியில் பிய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு சொட்டு கால்மிதியில் விழுந்தது.

பையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தன் காலடியில் வைத்தாள்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் எண் அசைந்தது. 19. 22. 25. காற்றுவழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தன. பாட்டு அமுங்கிப்போனது. ராக்கெட் பயந்து பிரேக் போட்டான். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

"என்னக்கா ஆச்சு வண்டிக்கு?"

"இப்பதான் முழிச்சிருக்கு. வீட்டுக்குத் திருப்பு."

"குற்றவாளி?"

"வீட்லதான் இருக்கு."

சமையலறை மேடையில் தட்டை வைத்தாள். முழங்கால் மடங்கிய மாதிரி வெண்ணெய் கிடந்தது. அண்ணி அதைப் பார்த்ததும் ராக்கெட்டைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல?"

"அவன் ஒண்ணும் பண்ணல" என்றாள் இன்ஸ்பெக்டர். "அண்ணனும் பண்ணல. காரும் பண்ணல. ரெண்டு கேக்கையும் உருக்கினது நீங்கதான் அண்ணி."

"நானா?"

"உங்க ஐஸ்."

"ஐஸ் எங்கயாவது உருக்குமா? என்ன பேச்சு பேசற!"

"திரைக்குக் கீழே ஒரு மூக்கு இருக்கு. காருக்குள்ள எவ்வளவு சூடுன்னு அதை வெச்சுத்தான் காருக்குத் தெரியும். கொக்கி அதுக்கு நேர் எதிர்ல. பை அதோட முகத்துலயே தொங்குது, ஜிப் பிஞ்ச வாயோட. அது உறிஞ்சினது பூரா ஐஸ் காத்து. உள்ள நல்லாக் குளிர்ந்துடுச்சுன்னு நெனச்சு கார் ஏசியைக் கொறைச்சுக்கிச்சு. பின்னாடி கேக் வெயில்ல வெந்துச்சு. மூக்குக்கிட்ட மட்டும் பதினெட்டு. அதான் போன்லயும் பதினெட்டு."

அண்ணி சாய்ந்து கிடந்த வெண்ணெயைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை ஐஸ் எவ்வளவு வெச்சீங்க?"

"முதல் தடவை கொஞ்சம் இளகிடுச்சேன்னு..." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு மடங்கா வெச்சேன்."

"நீங்க ஐஸைக் கூட்டக் கூட்ட அது ஏசியைக் கொறைச்சுது. சர்வீஸுக்குக் கொண்டுபோனப்ப வண்டியைத் தொடைச்சு, பையை எடுத்துட்டுத்தான் குடுத்தீங்க. அங்க போனா அது யோக்கியன்."

"ஐஸைக் கேக் பக்கத்துல வெச்சா ஈரம் பட்டுச் சர்க்கரைப் பூ அழும். அதனாலதான் முன்னாடி மாட்டச் சொன்னேன்" என்றாள் அண்ணி, யாரிடமோ நியாயம் கேட்பதுபோல.

"உனக்கு எப்படித் தோணுச்சு?" என்றார் அண்ணன்.

"நீ சொன்னதுதான். அன்னைக்குச் சார்ஜ் எறங்கலன்னு சந்தோஷப்பட்டியே. மத்தியான வெயில்ல காரைக் குளுகுளுன்னு வெச்சுட்டுப் போனா சார்ஜ் எறங்காம இருக்குமா? எறங்கலன்னா கார் குளிர வைக்கல. அதுதான் ஞாயித்துக்கிழமையே என்னை உறுத்துச்சு. அவன் முட்டி ஜில்லுன்னான், கழுத்து வேர்த்துச்சுன்னான். கால்மிதியில மேலேருந்து சிந்தின தண்ணி. எல்லாம் ஒரே எடத்தைக் காட்டுச்சு. அங்க என்ன இருக்குன்னுதான் யாரும் சொல்லல."

அண்ணன் மனைவியைப் பார்த்தார். "ஆகமொத்தம் துப்பு குடுத்தது நான்."

"வாயை மூடிட்டு அந்த வெண்ணெயை எடுத்து ஃப்ரிட்ஜ்ல வைங்க."

ராக்கெட் மேடையில் இருந்த தட்டு ஒன்றை எடுத்து, அதில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி அவன் பக்கம் திரும்பினாள். குழம்பை ஊற்றினாள்.

வியாழக்கிழமை, மதியம்.

கேக் நான்கு அடுக்கு. டாக்ஸியை இன்ஸ்பெக்டர் ரத்து செய்திருந்தாள்.

"ராக்கெட்தான் ஓட்டறான். என் கேஸ், என் டிரைவர்."

அண்ணி எதிர்க்கவில்லை. ஆனால் ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் பொட்டலங்களை எடுத்தாள். உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள். குளிர்ச்சிக்காக ஐஸை விட்டுவிட்டுப் போவது அவள் கைகளுக்கு ஒப்பவில்லை.

"பையை டிக்கியில வைங்க அண்ணி. மூக்குக்குத் தெரியாத எடம்."

வழி முழுக்க மின்விசிறி இரைந்தது. பாட்டு ஒரு வரிகூடக் கேட்கவில்லை. பெட்டியை அணைத்தபடி பின்சீட்டில் இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி, வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினெட்டு. பாலத்தில் பதினெட்டு. சிக்னலில் பதினெட்டு. ஒரு இடத்தில் அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்த ராக்கெட்டின் முகம் மலர்ந்தது.

ஹோட்டலின் பின்வாசலில் தலைமைச் சமையல்காரர் நின்றிருந்தார். கதவைத் திறந்தார். குளிர்காற்று அவர் முகத்தில் அடித்தது. பெட்டியின் மூடியைத் தூக்கினார். கேக்கைச் சுற்றி மெதுவாகக் கண்ணை ஓட்டினார். ஒரு ரோஜாவின் இதழை விரல் நுனியால் தொட்டார். இதழ் அசையவில்லை.

"தூக்குங்கடா. பாத்து" என்றார் பின்னால் நின்ற இருவரிடம். பிறகு அண்ணியிடம், "நீங்க ஒரு நிமிஷம் உள்ள வாங்கம்மா."

இன்ஸ்பெக்டரும் ராக்கெட்டும் காரில் காத்திருந்தார்கள். ராக்கெட் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"ரொம்ப நேரமாச்சேக்கா."

"வாயை வெச்சுட்டுச் சும்மா இரு."

அண்ணி வந்தாள். பின்கதவைத் தாண்டி நடந்து, முன்கதவைத் திறந்து, ராக்கெட் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டாள். நேராகச் சாலையைப் பார்த்தாள்.

"ஏன்டா" என்றாள், "சனிக்கிழமை உனக்கு வேலை ஏதாவது இருக்கா?"

ராக்கெட் பதில் சொல்வதற்கு முன்பே வண்டி நகர்ந்துவிட்டது.